முகப்பில் மூன்று பெயர்கள்

ஆவுடையப்பன் தன் தம்பி பாலவேசத்தை உயிரோடு கடைசியாகப் பார்த்தது சங்கரன்கோவிலில், ஆடித்தபசுக் கூட்டத்தில். தம்பிக்கு மனசு ஒரு நிலையில் இல்லாத காலம் அது. விலகிப் போய்விடுவான் என்று கையைப் பிடித்தபடியே நடந்துகொண்டிருந்தார். ரதவீதி முனையில் யாரோ வேட்டியை மிதித்துவிட்டார்கள். இடுப்பில் நழுவியது. இறுக்கிக் கட்டிக்கொள்ள இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. கட்டி நிமிர்ந்தபோது தம்பி நின்ற இடத்தில் ஒரு பலூன்காரன் நின்றுகொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு தேடாத ஊர் இல்லை. மனைவி இருந்தவரைக்கும் அவளும் கூட வந்தாள். அவள் போன பிறகு தனியாகத் தேடினார். பஸ் நிலையங்கள், கோவில் வாசல்கள், தர்காக்கள். கடைசியில் ஒரு ஆட்டோக்காரர் சொல்லி, கடையநல்லூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த அந்த இல்லத்துக்கு வந்து சேர்ந்தார்.

தெருவில் திரிகிறவர்களை அழைத்து வந்து, குளிப்பாட்டி, முடிவெட்டி, சோறு போட்டு வைத்திருக்கும் இடம் அது. நடத்துபவர் வடிவம்மா. ஒரு காலத்தில் மனநல ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். ஆவுடையப்பனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அவரை ஞானி என்பார்கள். அப்படிச் சொன்னால், தனக்கு நன்றாக நகம் வெட்டத் தெரியும், அவ்வளவுதான் தெரியும் என்பார்.

ஆவுடையப்பன் அன்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தம்பியைப் பற்றி எல்லாம் சொன்னார். இடது முழங்கைக்குக் கீழே வெல்லப்பாகு கொட்டிய தழும்பு இருக்கும் என்பதையும் சொன்னார். வடிவம்மா அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார்.

சாப்பிட்ட பிறகும் ஆவுடையப்பன் போகவில்லை. நாளைக்கு யாரை அழைத்து வருவார்களோ, நான் இங்கேயே இருந்துவிடட்டுமா என்று கேட்டார்.

"என்ன வேலை தெரியும் அண்ணாச்சி?"

"லாரி புக்கிங் ஆபீஸில் இருந்தேன். டைப் அடிப்பேன்."

"அப்ப இருங்க" என்றார் வடிவம்மா.

இல்லத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. வருகிறவர்களின் விவரங்களை அதில் ஏற்றினால், எங்கிருந்தோ தேடுகிற வீட்டார் இணையத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். எத்தனையோ பேர் அப்படி வந்து அழுதுகொண்டே அழைத்துப் போயிருக்கிறார்கள். அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டதால் நாற்காலி காலியாக இருந்தது.

விவரங்களைப் பராமரிக்கிற கருவி இணைய உலாவியிலேயே திறக்கும். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் முதலில் ஒரு முகப்பு வரும். ஆவுடையப்பன் அதில் எதையோ அழுத்தப் போனார். வடிவம்மா அவர் கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்தார்.

"எதையும் தொடாதீங்க. சும்மா பாருங்க."

"இங்க ஒண்ணும் இல்லையே அம்மா."

"ஒண்ணும் இல்லாததைப் பாருங்க. நான் கஞ்சி ஊத்திட்டு வாரேன்."

திரும்பி வந்து, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். வலது பக்கம் கருவியின் பெயரும் பதிப்பு எண்ணும் இருப்பதாக ஆவுடையப்பன் சொன்னார். மொழியை மாற்றிக்கொள்ள ஓர் இடம், நிறத்தை மாற்றிக்கொள்ள ஓர் இடம். மேலே அழுத்தித் திறக்கிற தலைப்புகள் வரிசையாக. இடது மூலையில் சின்னதாக ஒரு வீட்டின் படம், எங்கே போனாலும் அதை அழுத்தினால் இங்கே திரும்பி வந்துவிடலாம் போலிருக்கிறது என்றார்.

"இடது பக்கம்?"

"டேட்டாபேஸ் பெயர்கள். 'இருப்பவர்'. 'திரும்பியவர்'."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

வடிவம்மா தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாளும் முகப்பின் முன்னால் உட்காரச் சொன்னார். மறுநாளும் அதே கேள்வி. அதே பதில். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. லாரி ஆபீஸில்கூட இவ்வளவு நேரம் சும்மா உட்கார வைத்ததில்லை என்று ஆவுடையப்பன் சமையல்கட்டில் சொல்லிச் சிரித்தார்.

இடது பக்கம் இருந்தவை மூன்று பெயர்கள். இல்லத்தில் இருக்கிறவர்களின் விவரம் முதலாவதில். வீட்டாரோடு போனவர்கள் இரண்டாவதில். மூன்றாவதன் பெயர் 'அடங்கியவர்'. யாரும் தேடி வருவதற்கு முன்பே இறந்துபோய், இல்லத்துத் தோட்டத்துக்குப் பின்னால் புதைக்கப்பட்டவர்கள். ஆவுடையப்பனுக்கு அது தெரிந்தேதான் இருந்தது. கண் அந்த எழுத்துகளுக்கு வரும்போது தானாக வேறு பக்கம் போய்விடும்.

நாலைந்து நாள் கழித்து வடிவம்மா கேட்பதை நிறுத்திவிட்டு வேலையைச் சொல்லிக்கொடுத்தார். புதிதாக ஒருவரைச் சேர்ப்பது எப்படி, பென்சில் படத்தை அழுத்தி ஒருவர் விவரத்தைத் திருத்துவது எப்படி என்பதையெல்லாம். பலபேருக்கு ஒரே மாற்றம் என்றால் கட்டளைக்கென்று ஒரு வெள்ளைக் கட்டம் உண்டு. அதில் எழுதும் வரிக்கு இரண்டு பாதிகள். என்ன மாற வேண்டும் என்பது முன்பாதி. யாருக்கு என்பது பின்பாதி. பின்பாதியை எழுதாவிட்டால் கருவி எல்லோருக்கும் என்று எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் சொன்னார். காலையில் முதல் வேலையாக, உள்ளே எதற்குள்ளும் போகாமல், முகப்பிலேயே நின்று எக்ஸ்போர்ட் கொடுக்க வேண்டும். ஒன்றுக்குள் போன பிறகு கொடுத்தால் அது மட்டும்தான் வரும். முகப்பில் கொடுத்தால் எல்லாம் சேர்ந்து ஒரு பிரதியாக வரும்.

ஆவுடையப்பன் கொஞ்ச நாள் அப்படியே செய்தார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். உலாவியின் மேலே இருக்கும் நட்சத்திரத்தை அழுத்தி அந்தப் பக்கத்தைக் குறித்து வைத்துக்கொண்டால், முகப்பைப் பார்க்காமல் நேராக 'இருப்பவர்' பட்டியலுக்குள் போய்விடலாம். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். தினமும் காலையில் தழும்பு என்று போட்டுத் தேடுவார். புதிதாக வந்தவர்களைப் பார்ப்பார். கார்த்திகை தீபத்துக்குப் பிறகு அவர் முகப்புக்குப் போகவே இல்லை. அதனால் எக்ஸ்போர்ட்டும் எடுக்கவில்லை.

மார்கழியில் செங்கோட்டை ரயில் நிலையத்திலிருந்து ஒருவரை அழைத்து வந்தார்கள். வாய் பேசவில்லை. தாடி மார்பு வரை. குளிப்பாட்டும்போது இடது கையில் ஒரு தழும்பு தெரிந்தது.

ஆவுடையப்பன் அவர் எதிரில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார். பாலவேசம் என்று கூப்பிட்டார். அந்த மனிதர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து பந்தியில் அவருக்கு மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது. அப்பளம் இரண்டு. பக்கத்தில் உட்காருகிற புளியங்குடிக்காரி சும்மா இருப்பாளா? மாப்பிள்ளை வந்திருக்காரா அண்ணாச்சி என்று கேட்டாள். ஆவுடையப்பன் காதில் விழாத மாதிரி வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்.

ஒரு வாரம் போயிற்று. ஒரு நாள் காலையில் அவர் முடிவு செய்துவிட்டார். அந்த மனிதருடைய வரியில் பெயர்க் கட்டம் காலியாக இருந்தது. அதில் தம்பி பெயரை எழுதிவிடுவது.

பென்சில் படத்தை அழுத்தினால் எல்லா விவரமும் விரியும். உயரம், வயது, பல். பாலவேசம் அண்ணனைவிட ஒரு சாண் உயரம். இந்த மனிதர் ஆவுடையப்பனின் தோள் அளவுக்குத்தான் வருவார். அந்தக் கட்டத்தைப் பார்க்க அவருக்கு மனம் இல்லை. எனவே வெள்ளைக் கட்டத்தைத் திறந்து கட்டளையாக எழுதினார். பெயர், பாலவேசம். முன்பாதியை முடித்ததுமே அழுத்தினார். நிச்சயமா என்று கருவி ஏதோ கேட்டது. அதையும் படிக்காமல் ஆம் என்றார்.

பட்டியல் திரும்பி வந்தது. முதல் வரியில் பாலவேசம். இரண்டாவதில் பாலவேசம். அவர் கீழே நகர்த்தினார். மாடக்கண்ணு இருந்த இடத்தில் பாலவேசம். ஜைத்தூன் பீவி இருந்த இடத்தில் பாலவேசம். நகர்த்த நகர்த்த, அடி வரைக்கும் அதே பெயர்.

வெளியிலிருந்து தேடுகிறவர்கள் யாரும் இனி தங்கள் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்பது மெதுவாகத்தான் உறைத்தது. எழுந்து போனார்.

வடிவம்மா முற்றத்தில் ஒருவருக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் சொல்லி முடிக்கும் வரை வெட்டிக்கொண்டேதான் இருந்தார். கடைசி விரலையும் முடித்துவிட்டு, நகங்களைத் தாளில் மடித்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தார். மேலிருந்து கீழே வரை பார்த்தார்.

"உங்களுக்கு எத்தனை தம்பி அண்ணாச்சி?"

ஆவுடையப்பனுக்கு அழுகை வந்துவிட்டது.

வடிவம்மா மூலையிலிருந்த வீட்டுப் படத்தை அழுத்தி முகப்புக்கு வந்தார். கடைசிப் பிரதி எப்போது எடுத்தது என்று கேட்டார். கார்த்திகைக்கு முன்னால் என்றார் ஆவுடையப்பன். ஏன் என்று வடிவம்மா கேட்கவில்லை.

உள்ளே சாப்பாட்டு மணி அடித்தது.

"இப்பவே அதை ஏத்திரலாமா அம்மா?"

"சோறு ஆறிரும். பரிமாறிட்டு வந்து ஏத்துவோம்."

"அதுவரைக்கும் எல்லாரும் பாலவேசமால்ல இருப்பாங்க?"

"இருக்கட்டும்" என்றார் வடிவம்மா. "போய்ப் பரிமாறுங்க."

ஆவுடையப்பன் சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு பந்திக்குப் போனார். முதல் தட்டுக்கு ஒரு கரண்டி. அடுத்த தட்டுக்கும். தழும்புக்காரர் முன்னால் வந்தபோது வழக்கம்போல ஒரு கரண்டி கூடுதலாக எடுத்தார். பக்கத்துத் தட்டைப் பார்த்தார். அதற்கும் எடுத்தார். அதற்கு அடுத்ததற்கும். பந்தி பாதியில் இருக்கும்போதே வாளி காலியாகிவிட்டது. அடுப்படிக்குப் போய் மறுபடி கேட்டபோது, இன்றைக்கு என்ன விசேஷம் என்று சமையல்காரர் முணுமுணுத்தார். மிச்சமிருந்ததில் வெந்நீர் விட்டுக் கலக்கிக் கொடுத்தார். அது நீர்த்துப்போய்த்தான் இருந்தது. புளியங்குடிக்காரி ஒரு வாய் வைத்துவிட்டு, மாப்பிள்ளைமார் கூடிப்போனால் குழம்பு இப்படித்தான் ஆகும் என்றாள்.

சாப்பாடு முடிந்ததும் பழைய பிரதியை எடுத்து வேலை பார்த்தார்கள். கார்த்திகைக்கு முன்னால் வந்தவர்களுக்கெல்லாம் அவரவர் பெயர் திரும்பி வந்தது. பிறகு வந்தவர்கள் பாலவேசமாகவே நின்றார்கள். ஏழெட்டுப் பேர் இருக்கும். அவர்களிடம் போய்த் திரும்பவும் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார் வடிவம்மா. வந்த அன்று ஒரே ஒரு தடவை பெயரைச் சொல்லிவிட்டு அதற்குப் பிறகு வாயைத் திறக்காதவர்களும் அதில் இருந்தார்கள்.

ஆவுடையப்பன் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார்ந்தார். சிலர் உடனே சொன்னார்கள். ஒருவர் தன் பெயரோடு தன் எருமைகளின் பெயரையும் சொன்னார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நிற்கும் ஓர் அம்மாள், அன்றைக்கே சொன்னேனே என்றாள்.

"ஆமா. சொன்னீங்க."

"எங்க வச்சீரு?"

"தொலைச்சிட்டேன் தாயி."

அவள் திரும்பி அவரை நன்றாகப் பார்த்தாள். ஒரு வயசான ஆள், மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அழாதீரும்" என்றாள். "சிதம்பரவடிவு. எழுதிக்கிடும்."

மறுநாள் மதியத்துக்குள் எல்லாப் பெயரும் கிடைத்துவிட்டது. செங்கோட்டையிலிருந்து வந்தவருடையது மட்டும் பாக்கி. ஆவுடையப்பன் திரையின் முன்னால் அந்த வரியில் நின்றார். வடிவம்மா துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"இவருக்கு என்ன போட அம்மா?"

"அவரு பேரைப் போடுங்க."

"தெரியாதே."

"அப்ப காலியா விடுங்க. இவரைத் தேடுற அண்ணன் ஒருத்தரு எங்கயாவது இருப்பாருல்லா? வந்து பாக்கும்போது அந்த இடம் காலியா இருக்கணும்."

ஆவுடையப்பன் பாலவேசம் என்ற பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். சேமித்தார். 'இருப்பவர்' பட்டியலில் அந்தப் பெயர் இல்லாமல் போயிற்று.

பிறகு அவராகவே வீட்டுப் படத்தை அழுத்தி முகப்புக்கு வந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வடிவம்மா துணி மடிப்பதை நிறுத்தினார்.

"இடது பக்கம் என்ன இருக்கு அண்ணாச்சி?"

"இருப்பவர். திரும்பியவர்." அவர் நிறுத்தினார். "அடங்கியவர்."

வடிவம்மா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆவுடையப்பன் அந்தப் பெயரை அழுத்தினார். உள்ளே வரிகள் அதிகம் இல்லை. தழும்பு என்று போட்டுத் தேடினார். ஒரு வரி வந்தது. பெயர்க் கட்டம் காலி. பென்சில் படத்தை அழுத்தினார். எல்லாம் விரிந்தது. உயரம் பார்த்தார். வயது பார்த்தார். இடது முழங்கைக்குக் கீழே பழைய வெந்த தழும்பு. கண்டெடுத்த இடம், சுரண்டை சந்தை. காய்ச்சலோடு அழைத்து வந்தது. ஐப்பசி மழையில் இறந்தது. ஆவுடையப்பன் இங்கே வந்து சேர்ந்ததற்கு முந்திய ஐப்பசி. போட்டோ ஒன்று இருந்தது. தலை வாரி, சட்டை போட்டு எடுத்தது.

அவர் போட்டோவை வெகுநேரம் பார்த்தார்.

"சட்டை புதுசா இருக்கே."

"நாங்க போட்டதுதான்."

"உங்களுக்கு முதல் நாளே தெரியுமா அம்மா?"

"பேரு சொல்லாமலே போனவரு. நான் எப்படித் தெரியும்னு சொல்ல? சந்தேகம் இருந்துச்சு. அதான் உங்களை முகப்புல உட்கார வச்சேன். நீங்க ரெண்டைத்தான் படிச்சீங்க. மூணாவதைப் படிக்கிற அன்னைக்குப் பக்கத்துல இருக்கணும்னு நினைச்சுக்கிட்டேன்."

ஆவுடையப்பன் காலியாக இருந்த கட்டத்தில் பாலவேசம் என்று தட்டினார். ஒரு தடவை படித்துப் பார்த்தார். சேமித்தார்.

மாலையில் வடிவம்மா அவரைத் தோட்டத்துக்குப் பின்னால் அழைத்துப் போனார். மேடு எதுவும் இல்லை, தரை சமமாகத்தான் இருந்தது. மேலே கனகாம்பரம் வைத்திருந்தார்கள். ஆவுடையப்பன் அங்கே இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார். வடிவம்மாவும் உட்கார்ந்திருந்தார். உள்ளே விளக்குப் போட்டார்கள்.

"நான் தேடி வந்தது முடிஞ்சு போச்சு" என்றார் ஆவுடையப்பன். "இனிமே நான் என்ன செய்ய அம்மா?"

வடிவம்மா எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"காலையில மறக்காம எக்ஸ்போர்ட் எடுங்க அண்ணாச்சி. இத்தனை பேரைத் தேடிக்கிட்டு இருக்காங்க."

ஆவுடையப்பன் இல்லத்திலேயே இருந்துவிட்டார். பாலவேசம் என்ற பெயர் அந்தக் கருவியில் இப்போது ஒரே ஒரு வரியில் இருக்கிறது.